அன்று வழிச்செலவு, இன்று ஊர்ச்செலவு
பார்சிலோனா சொல்லும் பயணக் கணக்கு

1980களில் பாரிஸிலிருந்து பார்சிலோனாவுக்குக் குறைந்த காசோடு கிளம்பிய ஒரு மாணவன், இரவில் ஆஸ்டர்லிட்ஸ் நிலையத்தில் ரயில் ஏறுவான். பிரெனீஸ் மலை மத்தியதரைக் கடலுக்குள் இறங்கும் இடத்தில் எல்லை வரும். பிரான்ஸ் பக்கம் செர்பேர், ஸ்பெயின் பக்கம் போர்ட்போவ். இரண்டும் சின்ன ஊர்கள், ஆனால் ரயில் நிலையங்கள் மிகப் பெரியவை. பிரான்ஸின் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர், ஸ்பெயினின் அகலம் 1,668 மில்லிமீட்டர் என்பதால் சாதாரண வண்டியில் வந்தவர்கள் எல்லாரும் இங்கே இறங்கி வேறு வண்டி ஏற வேண்டும். மீட்டர் கேஜ் வண்டியிலிருந்து மூட்டை முடிச்சோடு இறங்கி அகலப்பாதை வண்டிக்கு ஓடிய நம் ஊர்த் தலைமுறைக்கு இந்தக் காட்சி நன்றாகவே புரியும். அங்கே கூடுதலாக பாஸ்போர்ட் சோதனையும், சுங்கச் சோதனையும், பிராங்கைக் கொடுத்துப் பெசேட்டா வாங்கும் வரிசையும் உண்டு. எல்லாம் முடிந்து இன்னும் சில மணி நேரம் உட்கார்ந்து வந்தால் பார்சிலோனாவின் எஸ்டாசியோ தெ ஃபிரான்ஸா நிலையம் வரும்.

போகவும் வரவும் இப்படி இரண்டு நாள் கரைந்துவிடும் என்பதால், இரண்டு இரவு தங்கிவிட்டுத் திரும்பலாம் என்ற எண்ணமே யாருக்கும் வராது. போனால் ஒரு வாரமாவது இருக்க வேண்டும். இருக்கவும் முடிந்தது, ஏனென்றால் ஊருக்குள் செலவு குறைவு. ராம்ப்லா வீதியை ஒட்டிய சந்துகளில், பழைய வீட்டின் மூன்றாம் நான்காம் மாடியில், ஒரு குடும்பமே நடத்தும் சிறு விடுதியில் அறை கிடைக்கும். குளியலறை பொது. ஆனால் மாணவனால் கொடுக்கக்கூடிய வாடகை.

இன்று அதே ஊருக்கு லண்டனிலிருந்து வெள்ளி மாலை விமானம் ஏறி, ஞாயிறு இரவு வீடு திரும்புகிறார்கள். நாள் பார்த்து வாங்கினால், அந்த விமானச் சீட்டின் விலை பார்சிலோனாவில் ஒரே ஓர் இரவு தங்கும் செலவைவிடக் குறைவாக இருக்கும். அன்று வழியில் செலவாகி ஊரில் மிச்சமானது. இன்று வழியில் மிச்சமாகி ஊரில் செலவாகிறது. பயணி கொடுக்கும் பணத்தோடு இந்தக் கணக்கு முடிவதில்லை, ஒரு பங்கை அந்த ஊரில் வாழ்பவர்கள் கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஐரோப்பிய நகரங்களுக்குச் சிக்கனமாகப் போய்வர விரும்பும் எவருக்கும் பார்சிலோனாவின் கடந்த நாற்பது ஆண்டு ஒரு நல்ல பாடம்.

வழி மலிந்த கதை

அன்றைய இளைஞர்களுக்கு ஐரோப்பாவைத் திறந்துவிட்டது ரயில்தான். 1972இல் இன்டர்ரெயில் பாஸ் வந்தது. 21 வயது வரை உள்ளவர்கள் ஒரு மாதத்துக்கு 21 நாடுகளில் ரயிலில் சுற்றலாம். பிரிட்டனில் அதன் விலை 27 பவுன் 50 பென்ஸ். இரவு வண்டியில் ஏறினால் விடுதிச் செலவும் மிச்சம். ஒரு நகரத்தைப் பகலில் பார்த்துவிட்டு இரவில் ரயிலிலேயே தூங்கி, விடியும்போது அடுத்த நகரத்தில் இறங்கிய தலைமுறை அது.

விமானம் அன்று வசதியுள்ளவர்களுக்கானது. எந்த நிறுவனம் எந்த ஊருக்குப் பறக்கலாம் என்பதையும் கட்டணத்தையும் அரசுகள் தமக்குள் பேசி முடிவு செய்தன. சலுகைக் கட்டணம் இருந்தாலும், போன ஊரில் சனிக்கிழமை இரவு தங்கியாக வேண்டும் என்பதுபோன்ற நிபந்தனைகள் இருக்கும். ஐரோப்பிய சமூகம் 1987இலிருந்து இந்தக் கட்டுகளைப் படிப்படியாகத் தளர்த்தியது. 1993 தொடக்கத்தில் கட்டணத்தை நிறுவனங்களே தீர்மானிக்கும் சுதந்திரம் வந்தது. 1997இலிருந்து ஓர் உறுப்பு நாட்டின் நிறுவனம் இன்னொரு நாட்டின் உள்நாட்டுப் பாதையில்கூடப் பறக்கலாம் என்றானது.

அந்த வாசல் வழியாகவே மலிவு விமானங்கள் நுழைந்தன. 1995 நவம்பரில் லண்டனுக்கு வடக்கே உள்ள லூட்டன் நிலையத்திலிருந்து ஸ்காட்லாந்துக்குப் பறக்கத் தொடங்கிய ஈஸிஜெட், அடுத்த ஆண்டே பார்சிலோனாவுக்கும் வந்தது. அயர்லாந்தின் ரயன்ஏர் நேராகப் பார்சிலோனாவுக்கு வராமல், வடக்கே சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி உள்ள ஜிரோனா நிலையத்தைப் பிடித்தது. 2002இல் ஏறத்தாழ 5 லட்சம் பேர் பயன்படுத்திய அந்தச் சிறு நிலையத்தை 2008இல் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயன்படுத்தினார்கள். 2004இல் பார்சிலோனாவிலேயே வூயலிங் என்ற மலிவு நிறுவனம் பிறந்தது.

இந்த மலிவு எப்படிச் சாத்தியமானது? ரயன்ஏர் பல ஆண்டுகள் ஒரே வகை விமானத்தையே, 189 இருக்கை கொண்ட போயிங் 737-800ஐயே, ஓட்டியது. அதனால் விமானிக்குப் பயிற்சி, உதிரி பாகம், பழுதுபார்ப்பு எல்லாம் ஒரே வகைக்குச் செய்தால் போதும். வந்திறங்கிய விமானம் 25 நிமிடத்தில் மறுபடி கிளம்பிவிட வேண்டும், ஏனென்றால் தரையில் நிற்கும் விமானம் சம்பாதிக்காது. பெரிய நிலையங்களின் கட்டணம் அதிகம் என்பதால் தள்ளியுள்ள சிறிய நிலையங்கள். சீட்டு விற்க முகவர் கிடையாது, முதலில் தொலைபேசி, பிறகு இணையம். சாப்பாடு, பெட்டி, விரும்பிய இருக்கை ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு.

இந்தக் கடைசி வரிதான் இன்றைய சிக்கனப் பயணி கவனிக்க வேண்டியது. இருக்கைக்குக் கீழே வைக்கும் சிறிய பைக்கு மட்டுமே கட்டணம் இல்லை. மேலே வைக்கும் பெட்டிக்குப் பணம் கேட்பதை எதிர்த்து 2024 நவம்பரில் ஸ்பெயின் அரசு ஐந்து மலிவு விமான நிறுவனங்களுக்குச் சேர்த்து 17.9 கோடி யூரோ அபராதம் விதித்தது. சீட்டு விலையைப் பார்த்து மகிழ்ந்தவர் பெட்டிக் கட்டணம், தொலைதூர நிலையத்திலிருந்து ஊருக்குள் வர பஸ், அதிகாலை விமானத்தைப் பிடிக்க டாக்சி என்று கூட்டிப் பார்த்தால் தொகை வேறாக இருக்கும்.

எல்லை கரைந்தது

விமானம் மலிந்தது மட்டும் இரண்டு இரவுப் பயணத்தை உண்டாக்கிவிடவில்லை. 1995 மார்ச் 26 அன்று ஸ்பெயின், பிரான்ஸ், ஜெர்மனி உள்ளிட்ட ஏழு நாடுகள், தமக்குள் எல்லைச் சோதனையை நீக்கும் ஷெங்கன் ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தின. போர்ட்போவ் நிலையத்து பாஸ்போர்ட் வரிசை பழங்கதையாயிற்று. 2002 தொடக்கத்தில் யூரோ நோட்டுகள் கைக்கு வந்தன. ஒரு யூரோவுக்கு 166.386 பெசேட்டா என்ற கணக்கோடு பெசேட்டா விடைபெற்றது. ஊருக்கு ஊர் காசு மாற்றி, மாற்றும்போதெல்லாம் கொஞ்சம் இழந்து, கடைசியில் செல்லாத சில்லறையோடு வீடு திரும்பும் நிலை பெரும்பாலான நாடுகளில் ஒழிந்தது. 2017 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ரோமிங் கட்டணம் நீக்கப்பட்டது. கையிலிருக்கும் கைபேசியே வரைபடமும் வழிகாட்டியும் ரயில் சீட்டும் ஆயிற்று.

ஒவ்வொன்றும் சின்ன மாற்றம்தான். எல்லாம் சேர்ந்து அலுவலக விடுப்பே எடுக்காமல் இன்னொரு நாட்டுக்குப் போய்வரலாம் என்ற நிலையை உண்டாக்கின. இதை ஒரு பெரிய நன்மையாகவே நான் பார்க்கிறேன். முன்பு ஐரோப்பிய நகரங்களின் அருங்காட்சியகங்களையும் கோயில்களையும் வசதியுள்ளவர்களும், நேரம் நிறைய உள்ள மாணவர்களும் மட்டுமே பார்த்தார்கள். இன்று மருத்துவமனைச் செவிலியரும் பஸ் ஓட்டுநரும் பிள்ளைகளோடு போய்ப் பார்க்கிறார்கள். பழைய காலமே பொற்காலம் என்று பேசுபவர்கள், அந்தக் காலத்தில் வீட்டிலேயே இருந்துவிட்டவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடலைத் திரும்பிப் பார்த்த ஊர்

ஊரும் அதே ஊராக இருக்கவில்லை. 1980களில் பார்சிலோனா ஒரு தொழில் நகரம், துறைமுக நகரம். கடல் இருந்தது, ஊருக்கும் கடலுக்கும் நடுவே ரயில் பாதையும் தொழிற்சாலைகளும் கிடங்குகளும் இருந்தன. 1992 ஒலிம்பிக் போட்டிக்காக அந்தப் பாதைகளை அகற்றி, போப்லெநோவ் பகுதியின் பழைய ஆலைகள் இருந்த இடத்தில் விளையாட்டு வீரர்களுக்கான குடியிருப்பு கட்டி, கிலோமீட்டர் கணக்கில் கடற்கரையை உண்டாக்கினார்கள். இன்று பயணிகள் படுத்து வெயில் காயும் அந்த மணற்பரப்பின் பெரும்பகுதி அப்படி உருவானது.

ஒலிம்பிக் முடிந்தது, உலகம் இந்த ஊரைப் பார்த்துவிட்டது. 1990இல் ஹோட்டல்களில் தங்கியவர்கள் ஏறத்தாழ 17 லட்சம் பேர். 2000இல் 31 லட்சம். 2019இல் 90 லட்சத்தைத் தாண்டியது. ஊரின் சொந்த மக்கள்தொகையோ ஏறத்தாழ 17 லட்சம்தான்.

கட்டடக் கலைஞர் அந்தோனி கௌதியின் இரண்டு படைப்புகளில் இந்த மாற்றத்தை நேராகப் பார்க்கலாம். 1882இல் தொடங்கிய சாக்ரடா ஃபமிலியா தேவாலயம் 1980களில் கூரையில்லாத கட்டுமானத் தளம். உள்ளே போனால் தூண்களும் சாரங்களும் வானமும்தான். நடுக்கூடத்துக்குக் கூரை முடிந்து 2010இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அதை அர்ப்பணித்தார். 2025 அக்டோபரில் அது உலகின் மிக உயரமான தேவாலயமாயிற்று. இந்த வேகத்துக்குப் பணம் தந்தது பெருமளவு நுழைவுச் சீட்டு. அதாவது அந்தக் கோபுரங்களை எழுப்பியதில் மலிவு விமானத்தில் வந்தவர்களுக்கும் பங்கு உண்டு. பயணிகளால் ஊர் பெற்ற நன்மைகளில் இதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

மறுபக்கம் பார்க் குவெல். மலைச்சரிவில், உடைந்த ஓடுகளைப் பதித்த நீள இருக்கையும் பல்லிச் சிற்பமும் உள்ள அந்தப் பூங்காவுக்குப் பல பத்தாண்டுகளாகக் கட்டணமே இல்லை. குவெல் பூங்காவில் மாலை நேரத்தைக் கழிப்பது காசில்லாத பயணியின் முதல் இன்பமாக இருந்தது. கூட்டம் தாங்காமல் 2013 அக்டோபரில் சிற்பங்கள் நிறைந்த நடுப்பகுதிக்குச் சீட்டு வந்தது. இன்று முன்கூட்டியே நேரம் குறித்து வாங்காமல் போனால் வாசலோடு திரும்ப வேண்டியிருக்கும்.

யாருடைய படுக்கை?

ஊர்ச்செலவு எங்கே ஏறியது என்று கேட்டால் முதல் பதில் தங்குமிடம். அதைப் புரிந்துகொள்ள பார்சலோனேத்தாவுக்குப் போக வேண்டும். துறைமுகத்தை ஒட்டி, பதினெட்டாம் நூற்றாண்டில் கோடு போட்டதுபோல் நேர்த்தெருக்களாகக் கட்டப்பட்ட மீனவர், துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பு அது. முதலில் கட்டிய வீடுகளைப் பிற்காலத்தில் பாதியாகவும், பிறகு கால் பங்காகவும் பிரித்தார்கள். இப்படிப் பிரிந்த கால் வீடுகள் பல 30 சதுர மீட்டர் அளவுதான். ஏழைத் தொழிலாளி குடும்பம் நடத்திய அந்த அறைகள், கடற்கரைக்கு இரண்டு நிமிட நடையில் இருப்பதால், இணையத்தில் ஓர் இரவு இரண்டு இரவு வாடகைக்கு விட ஏற்ற பொருளாயின. 2008இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஏர்பிஎன்பி போன்ற தளங்கள் அந்தச் சந்தையைப் பயணியின் கைக்கே கொண்டுவந்தன. மாத வாடகைக்கு விடுவதைவிட இரவு வாடகையில் பணம் அதிகம். ஆகவே மாத வாடகைக்காரர்கள் வெளியேறினார்கள். 2014 ஆகஸ்டில், இரவெல்லாம் கூச்சலும் கும்மாளமும் தாங்காமல் பார்சலோனேத்தா மக்கள் தெருவில் இறங்கினார்கள்.

2015இல், வீடிழந்தவர்களுக்காகப் போராடி அறியப்பட்ட அதா கொலாவ் மேயரானார். 2016இல், உரிமம் இல்லாத வீடுகளை விளம்பரப்படுத்தியதற்காக ஏர்பிஎன்பி உள்ளிட்ட இரண்டு தளங்களுக்கு நகராட்சி தலா 6 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. 2017இல் நகர மையத்தில் புதிய ஹோட்டல்களுக்குத் தடை போடும் திட்டம் நிறைவேறியது. 2024 ஜூனில் இன்றைய மேயர் ஜாமே கொல்போனி இன்னொரு படி மேலே போனார். ஊரில் உரிமம் பெற்ற 10,101 சுற்றுலா வீடுகளில் எதற்கும் உரிமம் புதுப்பிக்கப்படாது, 2028 நவம்பருக்குள் எல்லாம் குடியிருப்பாகத் திரும்ப வேண்டும் என்று அறிவித்தார். பத்தாண்டுகளில் ஊரின் வீட்டு வாடகை 68 சதவீதம் ஏறிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். அடுத்த மாதம் ராம்ப்லா வீதியில் ஊர்வலம் வந்தவர்கள், உணவகத்தில் உட்கார்ந்திருந்த பயணிகள்மேல் பொம்மைத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சிய படம் உலகமெங்கும் போயிற்று.

தண்ணீர் பட்ட பயணிகளுக்கு வருத்தமாக இருந்திருக்கும். அவர்கள் தனிப்பட்ட முறையில் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. என்றாலும் அந்த ஊர்வலத்தில் நடந்தவரின் மனம் எனக்குப் புரிகிறது. பிறந்து வளர்ந்த தெருவில் வாடகை கொடுக்க முடியாமல் வெளியேறுபவருக்கு, தன் பழைய வீட்டுச் சாவியை வாரம் இரண்டு முறை புதுப்புது ஆட்களிடம் கொடுப்பதைப் பார்க்கும்போது வேறு என்ன தோன்றும்?

ராம்ப்லாவை ஒட்டிய போக்கெரியா சந்தையிலும் இதே கதைதான். மீனும் காய்கறியும் வாங்க வந்த உள்ளூர்ப் பெண்கள் கூட்டத்தில் நுழைய முடியாமல் திரும்பினார்கள். கடைகளோ வெட்டிய பழத்தையும் பழச்சாற்றையும் விற்பதற்கு மாறின. வெள்ளி, சனி காலைகளில் 15 பேருக்கு மேற்பட்ட சுற்றுலாக் குழுக்கள் வரக்கூடாது என்று 2015இல் தடை போட வேண்டியிருந்தது. குவெல் பூங்காவுக்கு அருகே ஓடும் 116ஆம் எண் சிறிய பஸ்ஸில் அந்த மலைத்தெருவின் முதியவர்களுக்கே இடம் கிடைக்காமல் போயிற்று. கடைசியில், கூகுள் வரைபடத்தில் அந்த பஸ் காட்டப்படாமல் இருக்க நகராட்சி ஏற்பாடு செய்தது. மலிவான விடுமுறையின் விலையை வேறு யார் கொடுக்கிறார்கள் என்பதற்கு அந்த ஒரு பஸ் போதும்.

இன்று சிக்கனமாகப் போவது எப்படி?

இதையெல்லாம் படித்துவிட்டு ஊருக்கே போகக்கூடாது என்று யாரும் முடிவு செய்ய வேண்டாம். பார்சிலோனா பார்க்க வேண்டிய ஊர். எங்கே சேமிக்கலாம், எங்கே சேமிக்கக்கூடாது என்ற கணக்கு மட்டும் மாற வேண்டும்.

முதலில் மாதம். ஜூலை, ஆகஸ்டை விட்டுவிடுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை (கிறிஸ்துமஸ் நாட்கள் தவிர) அறை வாடகை இறங்கும், வரிசைகள் குறையும். மத்தியதரைக் கடலோரக் குளிர் மென்மையானது. ஒரு மேல்சட்டையோடு நாள் முழுதும் நடக்கலாம். பிப்ரவரி இறுதியிலோ மார்ச் தொடக்கத்திலோ பெரிய கைபேசிக் கண்காட்சி நடக்கும் வாரத்தில் மட்டும் அறை விலை எகிறும், அந்த வாரத்தைத் தவிர்க்க வேண்டும்.

அடுத்தது தங்குமிடம். உரிமம் உள்ள விடுதியில் தங்க வேண்டும். சுற்றுலா வீட்டுக்கு உரிம எண் இருக்கும், விளம்பரத்தில் அது இல்லையென்றால் விலகிவிடலாம். ஒரு நபருக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று, பார்சிலோனா அடங்கிய கட்டலோனியா பகுதி 2012 முதல் தங்கும் வரி வசூலிக்கிறது, பின்னர் நகராட்சியின் மேல்வரியும் சேர்ந்தது. பலமுறை அது அறை விலையில் சேராமல் தனியாகக் கேட்கப்படும். அந்தக் காசு ஊரைப் பராமரிக்கப் போகிறது, முகம் சுளிக்காமல் கொடுக்கலாம்.

சாப்பாட்டில் மதியத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 1960களில் அரசு விதியாகவே தொடங்கிய 'மெனு தெல் தியா' என்ற அன்றைய மதியச் சாப்பாடு இன்றும் உண்டு. வார நாட்களில் முதல் உணவு, இரண்டாவது உணவு, இனிப்பு, ரொட்டி, குடிக்க ஒன்று, எல்லாம் சேர்த்து ஒரே விலை. ராம்ப்லாவை விட்டு நான்கைந்து தெரு தள்ளிப் போனால் அலுவலக ஊழியர்களும் கட்டடத் தொழிலாளர்களும் சாப்பிடும் கடைகளில் அது கிடைக்கும். மதியம் இப்படி வயிறார உண்டால், இரவுக்கு ரொட்டியும் தக்காளியும் பழமும் போதும். அவற்றைப் போக்கெரியாவில் தேட வேண்டாம். நகராட்சி நடத்தும் உணவுச் சந்தைகள் ஊரில் நாற்பதுக்கு அருகில் இருக்கின்றன. 1882இல் கட்டப்பட்டு, நீண்ட சீரமைப்புக்குப் பின் 2018இல் திறந்த சான்ட் அந்தோனி சந்தை அழகும் வசதியும் உள்ளது.

பார்ப்பதற்குக் காசில்லாதவை இன்னும் நிறைய. மோன்ட்ஜுயிக் குன்றில் உள்ள கட்டலோனியத் தேசியக் கலை அருங்காட்சியகத்துக்குச் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகும், மாதத்தின் முதல் ஞாயிறன்றும் கட்டணம் இல்லை. பிரெனீஸ் மலைக் கிராமக் கோயில்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த சுவரோவியங்கள் அங்கே இருக்கின்றன. அவற்றுக்காக மட்டுமே ஒரு பிற்பகலைக் கொடுக்கலாம். 2023இல் கார்களைக் குறைத்து மரங்கள் நட்டு மாற்றிய கொன்செல் தெ சென்ட் தெருவில் நடந்தால் இந்த ஊர் எதிர்காலத்தை எப்படி நினைக்கிறது என்று தெரியும்.

இந்தியக் கடவுச்சீட்டோடு போகும் நம்மவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும். இவ்வளவு செய்து கிளம்புபவர் ஒரு வாரத்தில் ஐந்து நாடு என்று ஓடுவது பணத்துக்கும் உடலுக்கும் நட்டம். ஒவ்வோர் இடமாற்றமும் ஒரு சீட்டு, ஒரு பெட்டிக் கட்டணம், அரை நாள். அந்தக் காசில் ஒரே ஊரில் இன்னும் இரண்டு நாள் தங்கலாம்.

மறுபடி தண்டவாளம்

வழியிலும் புதிய மாற்றம் வந்திருக்கிறது. 2008 பிப்ரவரியில் மாட்ரிட்டுக்கும் பார்சிலோனாவுக்கும் இடையே அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது, பயணம் இரண்டரை மணி நேரம். அன்று அரசு நிறுவனம் மட்டுமே ஓட்டியது. 2021 மே மாதம் பிரெஞ்சு ரயில்வேயின் மலிவு வண்டியான வீகோவும், 2022 நவம்பரில் இரியோ என்ற இன்னொரு நிறுவனமும் போட்டிக்கு வந்தன. விலை இறங்கியது. 2013 டிசம்பரிலிருந்து பாரிஸிலிருந்தும் நேரடி அதிவேக வண்டி உண்டு. எல்லையைத் தாண்டும் பாதையையே பிரான்ஸின் அகலத்தில் கட்டிவிட்டதால் இறங்கி ஏற வேண்டியதில்லை, ஏழு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். இறங்கும் இடம் ஊருக்கு நடுவே, பெட்டிக்குத் தனிக் காசு இல்லை, புகையும் விமானத்தைவிடப் பல மடங்கு குறைவு. முன்கூட்டியே வாங்கினால் விலையும் கட்டுப்படியாகும்.

ஆனால் ரயிலில் வருபவர் ஓர் இரவுக்காக வரமாட்டார். அதைத்தான் நான் விரும்புகிறேன். ஆண்டுக்கு நான்கு முறை இரண்டிரண்டு இரவு ஓடி வருவதற்குப் பதிலாக, ஒரு முறை வந்து ஆறேழு இரவு தங்குபவர் மொத்தத்தில் குறைவாகச் செலவழிக்கிறார். ஒரே கடையில் மூன்று நாள் சாப்பிடுகிறார், நான்காம் நாள் கடைக்காரர் அவரை அடையாளம் கண்டுகொள்கிறார். கொடுக்கும் காசு விமான நிலையத்தில் நின்றுவிடாமல் தெருவரை போகிறது. அன்றைய மாணவனுக்கு வேறு வழியில்லாததால் ஒரு வாரம் தங்கினான். இன்று நமக்கு வழி இருக்கிறது, வசதி இருக்கிறது; நாமாக விரும்பி அந்த ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அப்படித் தேர்ந்தெடுப்பவருக்குப் பயணம் மலிவாகவும் இருக்கும், 116ஆம் எண் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பாட்டிக்கும் உட்கார இடம் கிடைக்கும்.